தீரர் சத்தியமூர்த்தி: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நவீன இந்திய வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புது முகங்கள் வருகின்றன. ஆனால் சத்தியமூர்த்தி பாடத்துக்கு வந்ததும் அதே ஐயங்கள்தான் எழுகின்றன. பாடநூல்கள் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, பூண்டி ஏரி என்றும் காமராஜரின் குரு என்றும் முடித்துவிடுவதே அதற்குக் காரணம். சென்னை வக்கீல் ஒருவர் டெல்லி மத்திய சட்டசபையில் அரசாங்கமே அஞ்சும் உறுப்பினராக வளர்ந்த கதை அந்தப் பத்திக்குள் அடங்கவில்லை. ஆகவே பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

சத்தியமூர்த்தி பவன் தெரியும் சார். அந்தச் சத்தியமூர்த்தி யாரு?

சென்னையில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமையகம் தாங்கி நிற்கும் பெயர் அவருடையதுதான். 1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்து, 1943 மார்ச் 28 அன்று சென்னையில் காலமானார். வாழ்ந்தது 55 ஆண்டுகள்தான். இடையில் வக்கீல், சென்னை மாகாண சட்டசபை உறுப்பினர், மத்திய சட்டசபை உறுப்பினர், சென்னை மேயர் என்று பல நிலைகளில் பணியாற்றினார். ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் முதலமைச்சராக இருந்தாரா என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்.

புதுக்கோட்டைக்காரர் எப்படிச் சென்னை வக்கீல் ஆனார்? வசதியான குடும்பமா?

தந்தை சுந்தர சாஸ்திரியும் வக்கீல்தான். ஆனால் மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்பச் சுமைக்கு நடுவே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

அந்நாளில் சென்னை உயர்நீதிமன்றம் அரசியலுக்கான நாற்றங்காலாகவே இருந்தது. மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்து, அந்தப் பதவியைத் துறந்து காங்கிரசுக்கு வந்த எஸ். சீனிவாச ஐயங்காரின் நிழலில்தான் சத்தியமூர்த்தியின் அரசியல் வளர்ந்தது. வக்கீல் தொழில் அவருக்குச் செல்வத்தைச் சேர்த்துத் தரவில்லை. ஆனால் எதிராளியின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்கும் குறுக்கு விசாரணைப் பழக்கத்தைத் தந்தது. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அதுவே மூலதனம் என்பது என் துணிபு. வாதத் திறமை இளமையிலேயே கட்சியின் கண்ணில் பட்டதால், இந்தியருக்கு மாகாண ஆட்சியில் ஓரளவு பங்கு தந்த மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் குறித்து 1919இல் லண்டனில் காங்கிரசின் தரப்பை எடுத்துரைக்கச் சென்றவர்களில் அவரும் ஒருவரானார். அப்போது அவருக்கு வயது 32.

அவர் எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே?

இரண்டு சொற்களுமே பிற்காலத்துப் பொருளில் பொருந்தாதவை; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1923 முதல் 1930 வரை அவர் இருந்தது சென்னை மாகாண சட்டமன்றம். ஆங்கிலேயர் வைத்த பெயரில் அது கவுன்சில். அங்கே அவர் பல்கலைக்கழகத் தொகுதியின் பிரதிநிதி, அதாவது பட்டதாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். 1934 இறுதியில் நடந்த தேர்தலில் வென்று அவர் சென்றது டெல்லியிலிருந்த மத்திய சட்டசபை. இன்றைய மக்களவைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க அவை அதுதான். நாம் இப்போது பழைய பாராளுமன்றக் கட்டடம் என்று சொல்லும் அந்த வட்ட மாளிகையில்தான் அதுவும் கூடியது. கோடை முடிந்து வரும் கூட்டத்தொடர் மட்டும் சிம்லாவில் நடப்பது வழக்கம்.

தேர்வில் கேட்டால் 'மத்திய சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ் குழுவின் துணைத் தலைவர்' என்று எழுதுங்கள். குழுவின் தலைவர் பம்பாய் வக்கீலான புலாபாய் தேசாய். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து 1945 இறுதியில்தான் நடந்தது. 1934இல் தேர்வான ஒருவர் ஏன் அத்தனை ஆண்டுகள் நீடித்தார் என்ற உபகேள்விக்கும் இதுவே விடை.

காந்தி சட்டசபையே வேண்டாம்னு சொன்னப்ப இவர் ஏன் உள்ள போனார்? துரோகம் இல்லையா?

இல்லை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் புறக்கணிக்கவேண்டும் என்பது காந்தியின் திட்டம். இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டபின் காங்கிரசுக்குள்ளேயே ஒரு பெரிய விவாதம் எழுந்தது. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் சட்டசபைக்குள் சென்று அங்கிருந்தே ஆட்சியை முடக்கவேண்டும் என்று சுயராஜ்யக் கட்சியை அமைத்தார்கள். சென்னையில் அந்தத் தரப்பின் முதன்மையான குரல்களில் ஒன்று சத்தியமூர்த்தியுடையது. எதிர்த்தரப்பில், புறக்கணிப்பில் உறுதியாக நின்றவர் ராஜாஜி. இந்த இருவரின் இடைவெளி பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அடிப்படை என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நிலைப்பாட்டில் ஒரு வக்கீலின் தர்க்கம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. எதிராளி ஒரு மன்றத்தைத் திறந்து வைத்திருக்கிறான். அங்கே பேசுவது அச்சாகிறது. அச்சானது நாட்டுக்கே தெரிகிறது. அப்படியிருக்க அந்த மன்றத்தை எதிராளியின் ஆட்களுக்கே விட்டுவிட்டு வெளியே நிற்பதால் யாருக்கு லாபம்?

பாரதி பாட்டுக்காகச் சட்டசபையில சண்டை போட்டவர் இவர்தானா?

இவரேதான். 1928இல் பர்மா அரசாங்கம் பாரதியின் பாடல் தொகுதிகளைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் போலீசார் புத்தகப் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன; பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள் அவை.

அந்த அக்டோபரில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். அவையின் வழக்கமான அலுவலை நிறுத்திவிட்டு இந்த அவசரப் பொருளை இப்போதே பேசவேண்டும் என்று கோருவதுதான் ஒத்திவைப்புத் தீர்மானம். பறிமுதல் எந்தச் சட்டப் பிரிவின்படி, எந்த வரியை வைத்து, எந்த அதிகாரத்தில் நடந்தது என்று வக்கீலாகவும் கேட்டார். பாட்டை அறிந்த தமிழனாகவும் பேசினார். அவருக்குச் சங்கீதமும் நாடகமும் கைவந்தவை. சுகுண விலாச சபையின் மேடைகளில் நடித்தவர். தீர்மானம் நிறைவேறியது. 'தேசியகவியின் பாடல்களுக்குத் தடையா' என்ற கேள்வியை அரசாங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பிலேயே ஏற்றிவிட்டார் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும்.

1934 தேர்தல்ல ஜனங்க எல்லாரும் ஓட்டுப் போட்டாங்களா?

இல்லை. சொத்து, வரி, படிப்பு என்று தகுதி வைத்துச் சுருக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் அது. அன்றைய இந்தியா முழுவதிலும் மத்திய சட்டசபைக்கு வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர் மட்டுமே. ஆனாலும் அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே போட்டி கடுமையாக இருந்தது. சென்னை நகரில் சத்தியமூர்த்தியை எதிர்த்து நின்றவர் நீதிக்கட்சியின் தலைசிறந்த பேச்சாளரான ஏ. இராமசாமி முதலியார். நீதிக்கட்சி மாகாணத்தில் ஆட்சியில் இருந்த காலம் அது. வெற்றி சத்தியமூர்த்திக்கு. மூன்றாண்டு கழித்து மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி அடைந்த பெருந்தோல்விக்கு முன்னறிவிப்பாக அந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம்.

வைஸ்ராய் நினைச்சதுதான் சட்டம்னா இவர் பேசி என்ன பிரயோஜனம்?

வகுப்பில் மிகக் கூர்மையான பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. உண்மையை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். சுமார் 145 பேர் கொண்ட அந்த அவையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் அரசாங்க அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும். வரவுசெலவுத் திட்டத்தில் ராணுவச் செலவு உள்ளிட்ட பெரும்பகுதி வாக்கெடுப்புக்கே வராது. வாக்கெடுப்பில் தோற்ற மசோதாவைக்கூட வைஸ்ராய் தம் தனியதிகாரத்தால் சான்றளித்துச் சட்டமாக்கிவிடலாம். 1935இல் சிம்லாவில் அடக்குமுறைச் சட்டமான குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவை அவை நிராகரித்தபோது நடந்தது அதுதான்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் சான்றளிக்க நேர்வதுதான் அரசாங்கத்துக்குத் தோல்வி. இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருகிறோம் என்று லண்டனில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இந்தியர் தேர்ந்தெடுத்த அவையின் முடிவைத் தாங்களே தள்ளுபடி செய்வதாக உலகறியக் கையெழுத்திடவேண்டியிருந்தது. காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஜின்னாவின் சுயேச்சைக் குழுவை அணைத்துக்கொண்டால்தான் அரசாங்கத்தைத் தோற்கடிக்க முடியும். வாக்கெண்ணிக்கையைக் கணக்கிட்டு, பிற குழுக்களோடு பேசி, எந்த வாசகத்துக்கு யார் இணங்குவார் என்று பார்த்து நடத்தவேண்டிய வேலை அது. தேசாயும் சத்தியமூர்த்தியும் அதை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள்.

கேள்வி நேரத்துல அவரைப் பார்த்து அதிகாரிங்க பயந்தாங்கன்னு படிச்சேன். வெறும் கேள்விக்கு என்ன பயம்?

கேள்வி நேரம் இயங்கும் விதம் தெரிந்தால் அச்சம் புரியும். ஓர் உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கேள்வி கொடுப்பார். அது அச்சிடப்பட்டு வரும். துறைக்குப் பொறுப்பானவர் அலுவலகம் எழுதிக்கொடுத்த பதிலை எழுந்து படிப்பார். அதுவரை அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அதன்பின் வருவது துணைக் கேள்வி. அதற்கு முன்னறிவிப்புக் கிடையாது. கையில் தாளும் கிடையாது. நீதிமன்றத்தில் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் உள்ள அதே வேறுபாடுதான்.

வகுப்பில் இதை விளக்க நானே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவையில் நடந்த உரையாடல் என்று எண்ணிவிடவேண்டாம். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு நிலையங்களில் குடிநீர் தரப்படுகிறதா என்பது அச்சிட்ட கேள்வி. தரப்படுகிறது என்பது எழுதிவந்த பதில். எத்தனை நிலையங்களில் என்பது முதல் துணைக் கேள்வி. எண்ணிக்கை கைவசம் இல்லை என்கிறார் அதிகாரி. எண்ணிக்கையே தெரியாமல் தரப்படுகிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்பது இரண்டாவது. தகவல் திரட்டப்படும் என்கிறார். முதல் வகுப்புக்குச் செலவிடும் தொகையாவது கைவசம் இருக்கிறதா என்பது மூன்றாவது. இருக்கிறது என்றாலும் சிக்கல், இல்லை என்றாலும் சிக்கல். இத்தனையும் முடிய ஒரு நிமிடம் போதும். மறுநாள் பத்திரிகையில் அது வந்துவிடும். சத்தியமூர்த்தி இந்தக் கலையில் தேர்ந்தவர். கேள்விகளைத் தொடுக்க அவர் அலுவலகக் குறிப்புகளையும் அறிக்கைகளையும் வரிவரியாகப் படித்துவிட்டு வந்தார் என்பதை விவாதப் பதிவுகளைப் புரட்டும் எவரும் உணரலாம்.

இவ்வளவு திறமைசாலியை 1937ல ராஜாஜி ஏன் மந்திரி ஆக்கல?

மேலே சொன்ன இடைவெளியை இங்கே நினைத்துப் பாருங்கள். மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் காங்கிரஸ் மாகாண ஆட்சியை ஏற்கவேண்டும் என்று அகில இந்திய அளவில் ஓயாமல் வாதிட்டவர் சத்தியமூர்த்தி. தேர்தல் நெருங்கியபோது, தாம் முன்பு நின்று வென்ற பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு டெல்லியில் இருந்துகொண்டார். 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை அமைத்தார். சத்தியமூர்த்திக்கு அதில் இடமில்லை.

மத்திய சட்டசபையில் அவர் இன்றியமையாதவர் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது பொய்யில்லை. ஆனால் ஆட்சியை ஏற்கச் சொல்லி வழக்காடியவர் வெளியே நிற்க, ஆதியில் சட்டசபையையே மறுத்தவர் தலைமை ஏற்றது அவருடைய நண்பர்களுக்குப் பெருங்குறையாகவே இருந்தது. எனக்கும் அது குறையாகவே படுகிறது. அவர் கட்சியை உடைக்கவில்லை. டெல்லி வேலையைத் தொடர்ந்தார்.

பூண்டி ஏரியை அவர் கட்டினாரா? அப்போ அவர் டெல்லியிலதானே இருந்தார்?

1939இல் மாநகராட்சி உறுப்பினர்கள் அவரைச் சென்னை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் ஓராண்டு, மத்திய சட்டசபை உறுப்பினராக இருந்துகொண்டே ஏற்றுக்கொண்டார். நகரத்துக்குப் புழல் ஏரி நீர் போதாமல் தவிப்பு. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்ற திட்டத்தைப் போர்க்காலச் செலவுக் கட்டுப்பாட்டுக்கு நடுவே விடாப்பிடியாக முன்னெடுத்து இசைவு பெற்றவர் அவர். 1940இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1944இல் பணி முடிந்தபோது சத்தியமூர்த்தி உயிரோடு இல்லை. அதனால்தான் அது சத்தியமூர்த்தி சாகர்.

திருவள்ளூர் வழியாக ஒருமுறையாவது போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கரையில் நின்றால் ஒருபக்கம் விரிந்த நீர்ப்பரப்பு. மறுபக்கம் மதகுகளுக்குக் கீழே, பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும் ஆறு. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர் இன்று வந்து சேர்வதும் இங்கேதான். இங்கிருந்துதான் அது சோழவரம், புழல் என்று நகரத்தை நோக்கி நடக்கிறது.

காமராஜருக்கு இவர் குருன்னு சொல்றாங்க. ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். எப்படி ஒட்டுச்சு?

ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. சத்தியமூர்த்திக்கு மேடையும் அவையும் வசப்பட்டன. ஊர் ஊராகத் தொண்டர்களை அறிந்து கட்சியைக் கட்டும் பொறுமை காமராஜரிடம் இருந்தது. 1936இல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940இல் தலைவர் பதவிக்குக் காமராஜர் நின்றார். ராஜாஜி தரப்பின் ஆதரவோடு சி.பி. சுப்பையா எதிர்த்தார். காமராஜர் 103, சுப்பையா 100. மூன்றே வாக்கு. அதன்பின் தம்மைவிட 16 வயது இளையவரான காமராஜரின் தலைமையின்கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற சத்தியமூர்த்தி இசைந்தார்.

தேவதாசி முறையை ஆதரிச்சவர்னு சொல்றாங்களே, அது நிஜமா?

உண்மைதான், மறைக்கக்கூடாது. சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927 முதல் தீர்மானமும் மசோதாவும் கொண்டுவந்தபோது, சமய வழக்கத்தில் அரசு தலையிடலாகாது என்றும் அந்த மரபோடு கலையும் அழிந்துவிடும் என்றும் வாதாடி எதிர்த்தவர் சத்தியமூர்த்தி. முத்துலட்சுமியும் புதுக்கோட்டையில் பிறந்தவர். அதே மன்னர் கல்லூரியில் படித்தவர். பெண் என்பதாலேயே அந்தக் கல்லூரியில் சேரப் போராடவேண்டியிருந்தவர்.

சத்தியமூர்த்தியைப் பிடிக்கும் என்பதற்காக இதில் அவருக்குப் பரிந்து பேச எனக்கு மனமில்லை. இசையும் நடனமும் பிழைக்கவேண்டும் என்ற அக்கறை மெய்யாகவே இருந்திருக்கலாம். அதற்கு விலையாகச் சிறுமிகளின் வாழ்க்கையைக் கேட்டது தவறு. தேவதாசிகளுக்குக் கொடுத்திருந்த மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929இல் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் வர 1947 ஆயிற்று. துணைக் கேள்வியில் அரசாங்கத்தைத் திணறடித்த அதே வாதத்திறமை இந்த அவையில் நியாயத்தின் எதிர்ப்பக்கம் நின்றது. விடைத்தாளில் இரண்டையும் எழுதுங்கள்.

சினிமாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் முதல் தலைவர் அவர். சினிமாவைப் படித்தவர்கள் இழிவாகப் பார்த்த நாளில், மக்களிடம் செல்ல அதைவிட வலிய வழி இல்லை என்று கண்டுகொண்ட அரசியல்வாதி. அவரைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் நடந்தது உங்களுக்கே தெரியும்.

சட்டசபைக்காரர்னா ஜெயிலுக்குப் போகலையா? எப்படி இறந்தார்?

பலமுறை போனார். 1930இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின்மேல் கொடி ஏற்ற முயன்று கைதானார். 1940இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1942 ஆகஸ்டில் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய கூட்டத்துக்குப் பிறகு மீண்டும் கைது செய்யப்பட்டு, தொலைவில் இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயம் அவரைப் படுக்கையில் தள்ளியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943 மார்ச் 28 அன்று உயிர் பிரிந்தது. விடுதலைக்கு இன்னும் நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் இருந்தன.

அவர் பேசினதை இன்னைக்கும் படிக்க முடியுமா?

முடியும். மத்திய சட்டசபை விவாதங்கள் நாளொன்றுக்கு ஒரு பதிவாக அச்சிடப்பட்டவை. இந்தியப் பாராளுமன்றத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முழு நாளையும் படிக்க அமர்ந்தால் சோர்ந்துவிடுவீர்கள். 1935 செப்டம்பர் சிம்லா கூட்டத்தொடரில் ஒருநாளை எடுத்து, தொடக்கத்திலுள்ள கேள்வி நேரத்தை மட்டும் படியுங்கள். வேறு யாரோ ஓர் உறுப்பினர் கொடுத்த கேள்விக்குப் பதில் படித்து முடிந்திருக்கும். அடுத்த வரியிலேயே 'திரு எஸ். சத்தியமூர்த்தி' என்று பெயர் வரும், கீழே ஒரு கேள்வி, அதற்குக் கீழே இன்னொன்று.